களி கிண்டிய வண்டிக்காரர்

அடைக்கலராஜுக்கு நான் நாற்பத்திரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தேன். அதற்குச் சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் ஆடி மாதம், செஞ்சி வண்டிப்பேட்டையில் நின்றபடியே இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வெள்ளி ரூபாயாக எடுத்துக் கொடுத்தார்.

"தராசு வாங்குடா கோதண்டம். ஊரான் தராசைத் தூக்கிப் புடிச்சிக்கினு இன்னும் எத்தினி நாளு நிப்ப?" என்றார். அதுதான் பத்திரம், அதுதான் கையெழுத்து.

இன்றைக்குச் செஞ்சி கடைவீதியில் என் கடலை மண்டி எது என்று கேட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை கூடக் கை காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குக் கணக்கு எழுதுகிறவர் காலேஜ் படித்தவர். பாட்டன் சொத்து, மாமனார் சொத்து என்று ஒரு பிடி மண் எனக்கு வந்ததில்லை, யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை என்று எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்த நாற்பத்திரண்டு ரூபாயைக் கழித்துவிட்டுத்தான் சொல்வேன். ஆகையால் அந்த மனிதரைப் பற்றி எழுதிவைக்க என்னைவிட்டால் ஆள் கிடையாது.

அடைக்கலம் அண்ணன் வேதக்காரர். சீயமங்கலத்துப் பக்கம் ஒரு காய்ந்த ஊரிலிருந்து சின்ன வயதில் மாடு மேய்க்க வந்தவர். மேய்த்தார், பிறகு கூலிக்கு வண்டி ஓட்டினார், முப்பது வயதில் சொந்த வண்டி கட்டினார். மாடு இரண்டில் ஒன்று செவலை, ஒன்று மயிலை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைச் செஞ்சி மண்டியில் சாயங்காலம் ஏற்றினாரானால், விடிவதற்குள் திண்டிவனம் ரயில் கொட்டகையில் இறக்கிவிடுவார். கூலி இருட்டிலேயே கைக்கு வரும். மற்ற வண்டிக்காரர்கள் காசைப் பார்க்க லாந்தரைத் தேடி ஓடுவார்கள். அண்ணன் ஓட மாட்டார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. ராஜா தலையா, ராணி தலையா, செல்லாக்காசா, சொல்லிவிடுவார். "என் கண்ணு விரல்ல இருக்குது" என்பார். பேட்டையில் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த விரலுக்கு.

அவர் சம்சாரம் இருதயமேரி. அந்த அம்மாள் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரியில் களி, கீரை. ஒரு காலரா வருஷத்தில் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அந்தத் துக்கம் தீர்ந்த பிறகு அண்ணன் ஒரு சபதம் எடுத்தார். "பொறந்ததுலேர்ந்து கூழு. நெல்லுச் சோறு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸு. இனிமே கேழ்வரகு என் வாசப்படி ஏறாது."

அப்போது ரங்கூன் அரிசி வந்துகொண்டிருந்த காலம். மெஷினில் தீட்டின பச்சரிசி, மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை. கையில் நாலு காசு வந்ததும் மனிதன் முதலில் மாற்றுவது சோற்றைத்தான். அண்ணனும் மாற்றினார். மத்தியானம் காபி கிளப்பில் இலை போட்டுச் சாப்பாடு. வீட்டில் அவரே அரிசியைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிகிற வரைக்கும் கழுவிக் கழுவி வேகவைப்பார். பருக்கை பருக்கையாக உதிர்கிற மாதிரி கஞ்சியைச் சொட்டு விடாமல் வடிப்பார். தொட்டுக்கொள்ள ஊறுகாய். சமையல் என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கழுவின தண்ணீரும் வடித்த கஞ்சியும் எங்கே போயின? மாட்டுத் தொட்டிக்கு. அதோடு தவிடு, கடலைப் பிண்ணாக்கு, வேகவைத்த கொள்ளு. செவலையும் மயிலையும் எண்ணெய் தடவி விட்ட மாதிரி மினுங்கின. மாடு மினுங்க மினுங்க மனிதர் மங்கிக்கொண்டே வந்தார். ஒரே வாசலில் நடந்த இதைப் பக்கத்தில் இருந்த நாங்கள் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

எனக்கு ரூபாய் கொடுத்த ஆடிக்கு அடுத்த தை மாதம் வியாதி ஆரம்பித்தது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி என்றார். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு மண்டிக்கு வந்து நின்றார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் மேல்மூச்சு வாங்கியது. கேட்டால், "வயசாவுதுடா" என்பார். அவருக்கு நாற்பது கூட ஆகவில்லை.

பங்குனிச் சந்தையில் வந்தது வினை.

வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விற்கிற எண்ணமே இருக்காது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போய், தரகரிடம் கை கொடுத்து விலை கேட்டு, "பாத்தியா, என் ஜோடி இவ்ளோ போவுது" என்று மீசையை நீவிக்கொண்டு திரும்பி வருவார்கள். மாட்டு விலையை வாயால் பேசக் கூடாது. இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துப் பேச வேண்டும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை பத்து, மடக்கினால் பாதி என்று கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகர் முதலில் அடிமாட்டு விலையாகத்தான் பிடிப்பார். இவர் உதறுவார். அவர் ஏற்றுவார். இவர் மறுபடி உதறுவார். அப்படியே அரை மணி நேரம் போகும்.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்தவர் வல்லத்துப் பாண்டுரங்கன். நல்ல தரகர், நியாயமான மனிதர், ஆனால் தரகர். துண்டைப் போட்டார். விரலைப் பிடித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை ஆட்டினார்.

பாண்டுரங்கன் திகைத்துப் போனார். "அடைக்கலம், நெசமாவா?"

"ஆமாய்யா."

"அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"நான் எதுக்கு மாறப் போறேன்?"

பாண்டுரங்கன் மடியிலிருந்து ஐந்து ரூபாய் முன்பணத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்து, "ஜோடி தொண்ணூறு. முடிஞ்சிது" என்று எழுந்தார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நூற்று நாற்பதுக்குக் குறையாமல் போகிற ஜோடி அது. முதல் விரலுக்கே தலையாட்டின வண்டிக்காரனைச் செஞ்சிச் சந்தை அதுவரைக்கும் பார்த்ததில்லை. தலையாட்டி, முன்பணமும் கைக்கு வந்துவிட்டால் பேச்சு பேச்சுதான்.

நானும் அவரோடுதான் திரும்பினேன். கோட்டை மதிலோரம் வந்ததும் மாட்டை நிறுத்தினார்.

"கோதண்டம், அவன் எந்த விரலைப் புடிச்சான்னு எனக்குத் தெரியலடா."

"இன்னாண்ணே சொல்ற?"

"புடிச்சானா இல்லியான்னே தெரியல. துண்டுக்குள்ள என் கையே இல்லாத மாதிரி இருந்திச்சி. அவன் மூஞ்சைப் பாத்தேன், பதிலுக்குக் காத்துக்கினு இருக்கான். இன்னொரு தபா புடின்னு எப்படிடா கேக்கறது? தலைய ஆட்டி வைப்போம், அடுத்த சுத்துல உதறிக்கலாம்னு ஆட்டிட்டேன்."

"இப்பவே ஓடிப் போயி பாண்டுரங்கன்கிட்டச் சொல்றேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இல்லை. "வாயத் தொறந்த, உன்னைக் கொன்னுடுவேன். அடைக்கலத்துக்கு விரலு செத்துப் போச்சின்னு தெரிஞ்சா எவன்டா என் வண்டியில மூட்டை ஏத்துவான்? மாடு போனா வேற மாடு. பேரு போனா?"

மறுநாள் வல்லத்துக்கு நடந்தே போனேன். பேச்சு என்றால் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை விடாமல் காரியத்தை முடித்தேன். கோடையில் வைக்கோல் விற்கிற விலைக்கு இந்த ஜோடியைக் கட்டித் தீனி போட முடியுமா உமக்கு? புரட்டாசி முதல் சந்தை வரைக்கும் மாடு அடைக்கலத்திடமே நிற்கட்டும், தீனிச் செலவு எங்களுடையது. அன்றைக்குள் அவர் மனசு மாறினால் வழக்கப்படி முன்பணத்தை இரட்டிப்பாகப் பத்து ரூபாய் தண்டம் கட்டி மாட்டை மீட்டுக்கொள்வார். மாறாவிட்டால் கடலை அறுப்பு நேரத்தில் நல்ல விலைக்கு நீர் தள்ளலாம். இரண்டு பக்கமும் லாபம் என்று பார்த்துப் பாண்டுரங்கன் சரி என்றார்.

பத்து ரூபாய் பெரிதில்லை. அன்றைக்கே கட்டியிருக்கலாம். ஆனால் அண்ணன் ஒப்பவில்லை: "ஓட்ட முடியாதவனுக்கு மாடு எதுக்குடா? புரட்டாசிக்குள்ள கையும் காலும் வந்தா தண்டம் கட்றேன். வரலன்னா அவன் ஓட்டிக்கினு போவட்டும்."

மண்டிக்குப் போய் நாற்பத்திரண்டு ரூபாயை எண்ணி முடிந்துகொண்டு வந்தேன். தராசு வாங்கின வருஷமே என்னைத் தூக்கிவிட்டது. கடனை வைத்துக்கொண்டு தூங்குகிற ஜாதி இல்லை நான். அவர் வாங்கவில்லை.

"எண்ணத் தெரியாத கையில நான் காசு வாங்க மாட்டேன். எடுத்துக்கினு போ. விரலு வந்தா நானே கேக்கறேன்."

வைக்கோலும் பிண்ணாக்கும் நான் அனுப்பினேன். "அது வட்டின்னு வெச்சிக்கோ" என்றேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

சித்திரையில் அவரை வண்டியில் படுக்கவைத்து, நானே ஓட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். டாக்டர் முழங்காலில் தட்டினார், வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. "என்ன சாப்பிடுகிறீர்?" என்று கேட்டார். அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "ரங்கூன் அரிசிச் சோறுங்க. மூணு வேளையும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பெரிபெரி என்று வியாதிக்குப் பெயர் சொன்னார். தீட்டித் தீட்டி, கழுவிக் கழுவி, வடித்து வடித்து அரிசியில் இருக்கிற சத்தையெல்லாம் போக்கிவிட்டு வெறும் வெள்ளையைத் தின்றால் நரம்பு பட்டினி கிடக்கும் என்றார். மருந்து கொஞ்சம் கொடுத்தார். மீதி மருந்து உங்கள் அடுப்பில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கேழ்வரகு, கைக்குத்தல் அரிசி, தவிடு, கொள்ளு, நிலக்கடலை, கீரை.

வருகிற வழியில் நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை.

"இன்னாடா இளிக்கிற?"

"தவிடு, கொள்ளு, கடலை, கஞ்சித் தண்ணி. அண்ணே, டாக்டரு சொன்னது பூரா உன் வீட்லதான் இருக்குது. தொட்டியில இருக்குது. செவலையும் மயிலையும் பத்தியச் சாப்பாடு சாப்புடுது. நீ அதுங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு மிச்சத்தைத் தின்னுக்கினு இருந்திருக்கிற!"

அவர் எழுந்து உட்கார்ந்து மாடுகளின் முதுகைப் பார்த்தார். நல்ல வெயில். இரண்டும் பளபளவென்று மினுங்கின. "அடப் பாவிங்களா" என்றார்.

சரி, இதையெல்லாம் யார் ஆக்குவது? கிளப்பில் களி போட மாட்டார்கள். வண்டிப்பேட்டையில் கூழ் விற்கிற குஞ்சம்மாளிடம் போய், தினம் இரண்டு வேளை அண்ணன் வீட்டுக்கு வந்து கிண்டிக் கொடுத்தால் காசு தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டி இல்லாத ஆம்பள வீட்ல நான் போயி அடுப்பு மூட்றதா? ஊரு இன்னா பேசும்? கை இருக்குதில்ல அவருக்கு?"

கை இல்லாததுதான் சங்கதி என்று சொல்ல முடியுமா? "தெரியாதும்மா அவருக்கு" என்றேன்.

"தெரியாட்டி கத்துக்கட்டும். வேலிக்கு வெளிய நின்னு சொல்றேன். உள்ள கால வெக்க மாட்டேன்."

அப்படித்தான் அடைக்கலராஜ் களி கிண்டக் கற்றுக்கொண்டார். வாசலில் மூன்று கல் கூட்டி அடுப்பு. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் தலையில் காலிக் கூழ்ப்பானையோடு குஞ்சம்மாள். இந்தப் பக்கம் துடுப்பும் கையுமாக அண்ணன். நடுவில் மேஸ்திரி மாதிரி நான். எனக்கும் சமைக்கத் தெரியாது. ஆனால் வேலை வாங்கத் தெரியும்.

"நொய்யி வெந்துதா?"

"வெந்துதும்மா."

"மாவை நடுவுல கொட்டு. கொட்டிட்டு கிண்டாத! கிண்டாதன்னு சொல்றேன், கிண்டறியே!"

"சும்மா தொட்டுப் பாத்தேன்."

"சோத்தைத் தொட்டுப் பாக்கறதுக்கு அது இன்னா மாட்டு வாலா? நடுவுல துடுப்பால ஒரு குழி பண்ணு. தீயத் தள்ளு. வேவட்டும். வேவாத மாவைக் கிண்டுனா கட்டி கட்டியா நிக்கும், வயித்துல போயி கல்லாட்டம் உக்காரும்."

முதல் நாள் களி கல்லாட்டம்தான் உட்கார்ந்தது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. செவலைக்குப் போட்டோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்றாம் நாள் மாவு நன்றாக வெந்தது. பானையை இறக்கி, தரையில் வைத்து, அது சுற்றாமல் இருக்க இரண்டு பக்கமும் சாக்குத் துணியை அண்டைகொடுத்து, பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டுக் கிண்ட வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கிண்டுவார்கள். அண்ணனும் உட்கார்ந்தார். பலமெல்லாம் கூட்டிக் கிண்டினார். குஞ்சம்மாள், "அப்படித்தான், அப்படித்தான், இப்ப பதம் வந்துச்சி பாரு" என்று உற்சாகப்படுத்தினாள். எனக்கு ஏதோ பொசுங்குகிற வாசனை வந்தது. பார்த்தால் சாக்குத் துணி நழுவிக் கிடக்கிறது. சுடுபானையின் மேல் வெறும் பாதம்.

"அண்ணே, காலு!"

"இன்னா காலு?" என்று என்னைப் பார்த்தார். துடுப்பு நிற்கவில்லை.

நான் பாய்ந்து பானையை எட்டி உதைத்தேன். பாதத்தின் உள்பக்கம் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். சொல்லாமலே குஞ்சம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் இருந்த பானையை இறக்கி வைத்தாள். இத்தனை நாள் உள்ளே வரமாட்டேன் என்றவள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து, சோற்றுக்கற்றாழையை ஒடித்துக் கொப்புளத்தில் வைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்றார் அண்ணன்.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? கூழு விக்கவே வாய் பத்தல எனக்கு" என்றாள். பிறகு வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "மீந்த களிய உருட்டு. கையில தண்ணி தொட்டுக்கோ" என்று அதட்டினாள்.

அன்றைக்கே பானையை அழுத்திப் பிடிக்க ஒரு கவைக்கோல் வெட்டிக் கொடுத்தேன். காலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயம்தான் அவரை நல்ல சமையல்காரராக்கியது. ஒரு நாளும் தவறவில்லை. காலையில் கூழ், கரைத்த மோர், உரித்த வெங்காயம். மத்தியானம் கைக்குத்தல் அரிசி. ஒரே தண்ணீரில் அலசி, வடிக்காமல் பொங்குவார். ராத்திரிக்குக் களி. மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கும்போதே ஒரு கைப்பிடி தனியாக எடுத்து ரசம் வைப்பார். முருங்கைக்கீரையை வதக்கி, வறுத்து இடித்த மல்லாட்டையை மேலே தூவுவார். அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகக் கண்டுபிடித்தது. தவிட்டை வறுத்து வெல்லம் போட்டு உருண்டை பிடித்து மடியில் வைத்திருப்பார். எனக்கும் ஒன்று தருவார். ஆயுசில் அப்படி ஒரு ருசி கண்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டியிருக்கிறேன்.

கஞ்சித் தண்ணீர் வராததால் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நின்றது. செவலை தொட்டியைப் பார்க்கும், பிறகு அவரைப் பார்க்கும்.

"இன்னா மொறைக்கிற? மூணு வருஷமா நீ குடிச்ச. இப்ப என் மொறை" என்பார்.

பேட்டையில் கேலிக்குக் குறைச்சல் இல்லை. காஸ்பர் என்று ஒரு வண்டிக்காரன், வாய்க் கொழுப்பு அதிகம். வேலியோரம் வந்து நின்று, "இன்னா அண்ணே, அடுப்பு ஊதறது ஆச்சி. நாளைலேர்ந்து வாசல்ல கோலமா?" என்றான்.

"கோலம் போடத் தெரியாதுடா. களி தின்றியா?"

"ஐய, களியா? நமக்கு கிளப்புச் சோறுதான்."

"நானும் அப்படித்தான்டா சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் அண்ணன். ஒரு தட்டில் களியை வைத்து, நடுவில் குழி செய்து கீரைக்குழம்பை ஊற்றி வேலிமேல் வைத்தார். காஸ்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். மறுநாளும் வந்தான்.

ஆனி மாதம் கணுக்கால் வீக்கம் வடிந்தது. ஆடியில் மேல்மூச்சு நின்றது. என் மண்டி வரைக்கும் தடியில்லாமல் நடந்து வந்தார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் மழுப்புவார். காசு எதையும் தொட்டுப் பார்க்க மாட்டார். பயம். புரட்டாசி கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு நாள் பொழுது சாய்ந்து, ராஜகிரி மலை நிழல் அவர் வாசலில் விழுகிற நேரம். மண்டியை அடைத்துவிட்டு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். "ஐயோ!" என்று ஒரு அலறல். அண்ணன் குரல். ஓடினேன். பானை உருண்டு கிடக்கிறது. களி மண்ணில் கிடக்கிறது. அண்ணன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிறார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. கவைக்கோல் ஒடிந்துபோய், அவசரத்துக்குப் பழையபடி பாதத்தால் பிடித்திருக்கிறார்.

"சுடுதுடா கோதண்டம்! சேசுவே, சுடுதுடா!"

"காட்டுண்ணே, கொப்புளமா?"

"கொப்புளம் கெடக்குது போ! சுட்ட ஒடனே தெரிஞ்சிது, இழுத்துக்கிட்டேன். சுடுது! நல்லா சுடுது!"

வேலிக்கு அந்தப் பக்கம் குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு படி மாவு மண்ணுல கெடக்குது. அதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் திட்டினாள். நான் பார்த்தேன்.

புரட்டாசி முதல் சந்தைக்கு மாட்டை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பாண்டுரங்கன் புதுக் கயிறோடு காத்திருந்தார். தொண்ணூறில் முன்பணம் போக எண்பத்தைந்து ரூபாய் மடியில் இருந்தது. மாட்டின் முதுகைத் தடவிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கிற அடைக்கலம்" என்றார்.

"இன்னொரு தபா கை குடுய்யா" என்றார் அண்ணன்.

"முடிஞ்ச பேச்சுக்கு எதுக்குக் கை?"

"சும்மா குடு. இன்னிக்கி வெலை இன்னான்னு கேட்டுக்கறேன். காசா பணமா?"

பாண்டுரங்கன் சிரித்துக்கொண்டே துண்டைப் போட்டார். வியாபாரத்தில் எத்தனையோ ஆபத்தைப் பார்த்தவன் நான், நெஞ்சு இப்படி அடித்ததில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். துண்டு லேசாக அசைந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, பாண்டுரங்கன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

பாண்டுரங்கன் புருவம் ஏறியது. "சரிதான்" என்றார்.

"கடேசில சுண்டு விரல மடக்குன. அஞ்சி ரூபா கொறைக்கப் பாக்குற."

"அதுவும் சரிதான்."

"இந்த வெலைக்கும் நான் தலைய ஆட்ட மாட்டேன்." அண்ணன் துண்டிலிருந்து கையை உருவி, மடியிலிருந்து பத்து ரூபாய் தண்டத்தை எடுத்து வைத்தார்.

பாண்டுரங்கன் பணத்தை எடுத்துக்கொண்டு, அவரையே உற்றுப் பார்த்தார். "அப்ப அன்னிக்கி இன்னாத்துக்கய்யா மொத விரலுக்கே தலைய ஆட்டுன?"

"அன்னிக்கி நான் ஆட்டல. ரங்கூன் அரிசி ஆட்டிச்சி" என்றார் அண்ணன். பாண்டுரங்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வைக்கவும் யாரும் முயலவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அந்த மனிதர் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டினார். ரங்கூன் அரிசி வருவது ஜப்பான்காரன் சண்டையில் நின்றுபோய் ஊரே அரிசிக்குத் தவித்தபோது, வேலியோரம் தட்டோடு நின்றவர்களுக்குக் களி கிண்டிப் போட்டார். என் முதல் லாரிக்கு மாலை போட்டவர் அவர்தான். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சந்தையில், பாண்டுரங்கன் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா பாக்குற? எடு."

அந்த நாற்பத்திரண்டை ஆறு மாதமாக ஒரு தனி முடிச்சில் வைத்திருந்தேன். மண்டியில் என்னை ஏமாற்றப் பார்த்த ஒருத்தனிடமிருந்து பிடுங்கி வைத்த ஈய ரூபாய் ஒன்று இருந்தது. அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டேன். அவர் வண்டி நுகத்தடியில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, வலது கையை நீட்டினார். துடுப்பு பிடித்துப் பிடித்து அந்த உள்ளங்கையில் புதுசாக ஒரு காய்ப்பு ஏறியிருந்தது.

மண்டி வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல், "லாபம்" என்று முதல் ரூபாயை வைத்தேன். கட்டைவிரல் அதை ஒரு தேய்ப்புத் தேய்த்தது. "ராஜா" என்றார். "ரெண்டு" என்றேன். "ராஜா" என்றார். "மூணு." "இவரு தாடி வெச்ச ராஜா, அவங்கப்பா." வைக்க வைக்கத் தேய்த்துத் தேய்த்து இடது கைக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். முப்பதைத் தாண்டினோம். அந்த ஈயத்தை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.

கட்டைவிரல் நின்றது. மறுபடி தேய்த்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"டேய் கோதண்டம். எனக்கேவாடா?"

"இன்னாண்ணே?"

"ஈயத்த எடுத்துக்கினு வெள்ளிய வையிடா, திருட்டுப் பயலே."

எனக்குக் கண் மறைத்தது. சிரித்துக்கொண்டே அதை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, நல்ல ரூபாயை வைத்தேன். பிறகு ஒன்றொன்றாக மீதியையும் வைத்தேன். நாற்பதை வைத்தேன், நாற்பத்தொன்றை வைத்தேன். கண்ணை மூடியபடி அவர் விரித்து வைத்திருந்த கையில், நாற்பத்திரண்டாவது ரூபாயையும் வைத்தேன்.